மெல்பர்னில் ஒரு மாங்கா பௌலர்

ஆஸ்திரேலியா போகிறவர்கள் கங்காரு பார்க்கப் போவார்கள். நான் போனது பம்புசெட்டுக்காக. கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் பம்புசெட் கம்பெனி, வார்ப்பட அச்சு அடிக்கும் புது இயந்திரம் ஒன்றைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி என்னை மூன்று வாரம் அனுப்பியது. ஆபீஸில் சொன்ன காரணம் இது. வீட்டில் வேறொரு காரணம் இருந்தது. பொள்ளாச்சியில் இருக்கும் என் அக்காவுக்குத் தபாலில் ஒரு போட்டோ வந்திருந்தது.

அக்காவின் ஒரே மகன் முருகேசன். அப்பா இல்லாத பையன். மெல்பர்னுக்கு இஞ்சினியரிங் படிக்கப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போட்டோவில் அவன் கோடு போட்ட சட்டையும், முழங்காலோடு நின்றுவிட்ட கால்சட்டையும், நீளக் காலுறையும், தலையில் ஒரு தொப்பியுமாக நின்றான். இடது கையில் பலாப்பழம் அளவுக்கு ஒரு தோல் உறை. "என்ற பையன் பேண்டு செட்டுல சேந்துட்டான்டா" என்று அக்கா அழுதாள். கூட வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னேன். பேண்டு செட் இல்லை, பேஸ்பால் என்கிற விளையாட்டு. அதில் இவன் கெட்டிக்காரனாம். அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து பார்த்துப் பிடித்துப்போனால், விளையாடுவதற்கென்றே வேலைக்கு எடுத்துக்கொள்வாராம். அதற்குப் பேண்டு செட்டே தேவலை என்றாள் அக்கா.

நான் கிளம்பும்போது அவள் சொன்னதில் எந்தக் குழப்பமும் இல்லை. "அமெரிக்காவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் வேண்டாம்னு சொன்னேன்னே சொல்லு. படிப்ப முடிச்சுட்டு ஊரு வந்து சேரட்டும்." இதையெல்லாம் வளர்ந்த பையனிடம் முகத்தில் அடித்தாற்போல் சொல்லக்கூடாது, பக்குவமாகத்தான் சொல்லவேண்டும், அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டுவிடு என்றேன். எங்கள் குடும்பத்தில் பக்குவத்துக்குப் பேர்போனவன் நான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகனுக்கென்று ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கொடுத்தாள். மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நல்லெண்ணெய் நின்றது.

சிட்னி விமான நிலையத்தில் முதலில் விசாரிக்கப்பட்டது அந்தப் பாட்டில்தான். விதை, செடி, மண் எதுவும் அந்த நாட்டுக்குள் வரக்கூடாதாம். அதிகாரி என் பெட்டியிலிருந்த கறிவேப்பிலைப் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டார். புளிக்காய்ச்சலைத் திறந்து மோந்து பார்த்து, எந்த இயந்திரத்துக்குப் போடுவது என்று கேட்டார். சோற்றில் போட்டுச் சாப்பிடுவது என்றேன். கொஞ்ச நேரம் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு மூடிக் கொடுத்துவிட்டார்.

வெளியே டாக்சி நின்றது. நான் வழக்கப்படி பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். வண்டி நகரவில்லை. டிரைவர் திரும்பி, முன்னால் வந்து உட்காருவதில் ஏதாவது கஷ்டமா, தன் மேல் நாற்றம் ஏதும் அடிக்கிறதா என்று விசாரித்தார். அந்த ஊரில் தனியாக வருகிற ஆள் டிரைவருக்குப் பக்கத்தில்தான் உட்காரவேண்டும். பின்னால் உட்கார்ந்தால் அவரை வேலைக்காரனாக நினைப்பதாக அர்த்தமாம். முன்னால் போய் உட்கார்ந்தேன். வழி நெடுகத் தன் மச்சானைத் திட்டிக்கொண்டே வந்தார். எங்கள் முதலாளியின் டிரைவர் இருபது வருஷத்தில் முதலாளியிடம் பேசியது நாற்பது வார்த்தை தேறாது. இவர் ஓட்டல் வந்து சேர்வதற்குள் தன் குடும்ப விவகாரம் முழுவதையும் சொல்லி, என் தீர்ப்பையும் கேட்டார். மச்சான் பேரில்தான் தப்பு என்றேன். அவருக்கு ரொம்பத் திருப்தி.

மறுநாள் மதியம் ஒரு கடையில் சைவமாக என்ன இருக்கிறது என்று கேட்டேன். கடைக்கார அம்மாள் நன்றாக யோசித்துவிட்டு, கோழி பரவாயில்லையா என்றார். கடைசியில் சீஸ் சாண்ட்விச் என்று உடன்பாட்டுக்கு வந்தோம். கடித்ததும் உள்ளேயிருந்து ஒரு பீட்ரூட் வில்லை வழுக்கி வந்து என் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்த நாட்டில் எதைக் கேட்டாலும் உள்ளே பீட்ரூட் வைத்துவிடுகிறார்கள். அந்தச் சட்டையோடுதான் அன்று சாயங்காலம் வார்ப்பட இயந்திரக்காரர்களைப் பார்க்கப் போனேன். வழியில் விபத்தா என்று கேட்டார்கள்.

புதிதாகக் கட்டித் திறந்திருந்த இசை அரங்கத்தைப் பார்க்காமல் போகக்கூடாது என்று எல்லோரும் சொன்னதால் போய்ப் பார்த்தேன். உடைத்த தேங்காய் மூடிகளைச் சாய்த்து அடுக்கினாற்போல் கூரை. அழகுதான். ஆனால் துறைமுகக் காற்று என்னைக் கடலுக்குள் தள்ளுவதிலேயே குறியாக இருந்தது. ஆகஸ்டில் அங்கே குளிர்காலம் என்று பூகோளப் பாடத்தில் படித்ததுதான். வாத்தியார் சொன்ன பலதைப் போல அதையும் நான் நம்பாமல் ஒரு ஸ்வெட்டரோடு வந்திருந்தேன்.

மெல்பர்னுக்குப் பகல் ரயிலில் போனேன். எதிரே செம்மறியாடு வளர்க்கும் ஒருவர். நான் மெட்ராஸ் பக்கம் என்றதும் கிரிக்கெட் பேச ஆரம்பித்துவிட்டார். நம் சுழல் பந்து வீச்சாளர்களின் மேல் அவருக்கு ஆழ்ந்த மரியாதை, கொஞ்சம் கோபமும் இருந்தது. நடுவில் மெதுவாகப் பேஸ்பாலைப் பற்றி விசாரித்தேன். "அதுவா? கிரிக்கெட் ஆடுகிறவர்கள் குளிர்காலத்தில் தொப்பை விழாமல் இருக்க ஆடுவது. அவர்கள் மனைவிமார்கூடப் போய்ப் பார்க்கமாட்டார்கள்" என்றார். எனக்கு மனசு லேசானது. பார்க்க ஆளில்லாத ஆட்டத்தை விடச் சொல்வது ஒன்றும் பெரிய காரியமாக இராது என்று நினைத்தேன்.

மெல்பர்ன் ஸ்டேஷனில் முருகேசன் காத்திருந்தான். ஆள் உயர்ந்து, தோள் அகன்று, பக்கத்தில் நிற்க எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டவன் முதலில் கேட்டது, "அம்மா ஏதாச்சும் சொல்லியுட்டாங்களாங் மாமா?" என்பதுதான். இறங்கினவுடனேயா? பக்குவம் என்று ஒன்று இருக்கிறதே. "உடம்பப் பாத்துக்கச் சொன்னா. வேற என்ன சொல்லப்போறா" என்றேன். சரிங்க என்றான்.

அவன் தங்கியிருந்தது ஓக்லீயில், ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை. வீட்டுக்கார அம்மாள் பரமேஸ்வரி, ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் வேலை. அவர் கணவர் ரயில்வேயில் இஞ்சினியர். பேசமாட்டார், சிரிப்பார். எனக்கும் அங்கேயே இடம் கொடுத்தார்கள். நான் நின்றுகொண்டே பேசுவதைப் பார்த்து அந்த அம்மாள், "முதல்ல கதிரையில இருங்கோ அண்ணை, கதைக்கிறது பிறகு" என்றார். கணவரின் ஓவர்கோட்டை எடுத்து என் மேல் போர்த்தினார். அது என் கணுக்கால் வரை வந்தது. அதோடு, நான் ஊரிலிருந்து கொண்டுபோன குரங்குக் குல்லாவையும் போட்டுக்கொண்டு அடுத்த இரண்டு வாரமும் அந்த ஊரைச் சுற்றினேன். டிராமில் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருந்தது.

இரண்டாம் நாள் வார்ப்படத் தொழிற்சாலைக்குத் தனியாக ரயிலில் போனேன். இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்ததும் எழுந்து கதவருகே மரியாதையாக நின்றேன். கதவு திறக்கவில்லை. ரயில் கிளம்பிவிட்டது. அடுத்த ஸ்டேஷனிலும் அப்படியே. மூன்றாவது ஸ்டேஷனில் ஒரு கிழவர் என்னைத் தாண்டிக் கையை நீட்டி, கைப்பிடியைப் பிடித்து இழுத்துக் கதவைத் திறந்து இறங்கிப் போனார். அந்த ரயிலில் கதவை நாமே திறந்துகொள்ளவேண்டும். இத்தனை தூரம் சும்மா நின்றுகொண்டு வந்தவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நம் ஊராக இருந்தால் பெட்டி முழுக்க யோசனை சொல்லியிருக்கும்.

முருகேசன் இந்த ஆட்டத்துக்கு வந்த கதையைச் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் அவன் வேகப் பந்து வீச்சாளன். கோவையில் ஒரு மேட்சில் அம்பயர் அவனுக்கு ஒரே ஓவரில் ஆறு நோபால் கொடுத்தார். முழங்கை மடங்குகிறது, இது வீசுவது இல்லை, எறிவது என்றார். நம் பக்கம் அதற்கு மாங்கா என்று பெயர், மரத்து மாங்காய்க்குக் கல் விடுகிறாற்போல் எறிவதால். மைதானம் முழுக்க "மாங்கா, மாங்கா" என்று கத்திச் சிரித்தது. நானும் அங்கே இருந்தேன், நானும்தான் சிரித்தேன். பையன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். அதோடு பந்தைத் தொடுவதை விட்டுவிட்டான்.

மெல்பர்னில் ஒருநாள் கல்லூரி மைதானத்தைத் தாண்டிப் போகும்போது காலடியில் ஒரு பந்து உருண்டு வந்திருக்கிறது. எடுத்துத் திருப்பி எறிந்தான். அது போன வேகத்தைப் பார்த்து ஒரு பயிற்சியாளர் வேலியைத் தாண்டி ஓடிவந்து பெயர் கேட்டாராம். முருகேசன் என்பது அவர் வாயில் நுழையவில்லை. மெர்வ் என்று வைத்துவிட்டார். முழங்கையை எப்படி வேண்டுமானாலும் மடக்கிக்கொள், எறி என்றார். கோவையில் குற்றமாக இருந்தது இங்கே திறமையாகிவிட்டது.

வியாழக்கிழமை ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனான். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரும் ஓடினார்கள், அடித்தார்கள், சேற்றில் விழுந்தார்கள். என் மருமகன் மட்டும் வேலியோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் உதவாக்கரை என்று ஒதுக்கிவிட்டார்கள், நம் வேலை சுலபம் என்று சந்தோஷப்பட்டேன். வீடு திரும்பும்போது அவன்தான் விளக்கினான். முதலில் எறிகிறவனுக்கு ஒரு கட்டத்தில் கை ஓய்ந்துவிடும். எதிராளிகள் அடிக்க ஆரம்பிப்பார்கள். ஆட்டம் கையை விட்டுப் போகிற அந்த நேரத்தில் கூப்பிட்டு விடப்படுகிற ஆள்தான் இவன். அதற்கு ரிலீஃப் பிட்சர் என்று பெயர். சில நாள் பத்து பந்து, சில நாள் அதுவும் கிடையாது.

"ஸ்டெப்னி டயர்னு சொல்லு" என்றேன்.

"அப்படித்தானுங் மாமா" என்று சிரித்தான். பரீட்சையெல்லாம் பாஸாகிக்கொண்டுதான் இருந்தான். இன்னும் ஒன்றரை வருஷப் படிப்பு பாக்கி. அமெரிக்கர் வரும் சனிக்கிழமை வருகிறார், ஒரே ஒரு ஆட்டம்தான் பார்ப்பார் என்றான். பிறகு மறுபடியும், "அம்மா இதப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்களா?" என்று கேட்டான்.

இப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பக்குவமாக வேறு திசையிலிருந்து வந்தேன். அவனோடு படித்த ஒரு பையனுக்கு மின்சார வாரியத்தில் வேலை கிடைத்ததையும், அவன் ஸ்கூட்டர் வாங்கியதையும், பொள்ளாச்சியில் இந்த வருஷம் நல்ல மழை என்பதையும் சொன்னேன். இதிலிருந்து அவனாகவே புரிந்துகொள்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் மழையைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பரமேஸ்வரி அம்மாள் என்னை, அவர்கள் குசினி என்று சொல்லும் சமையலறைக்குக் கூப்பிட்டார். "அண்ணை, பெடியன் ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. என்ன யோசினை எண்டு நீங்கள் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்" என்றார். நாளைக்குச் சோதனை, அந்தப் படபடப்புத்தான், பையன்கள் அப்படித்தான் என்றேன். அவர் திருப்திப்பட்டதாகத் தெரியவில்லை. "உங்கட மருமகன். உங்களுக்குத்தானே தெரியும்" என்றுவிட்டு, போட்டு வாறன் என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை காலையும் அவன் ஒரு தம்ளர் பாலைத்தான் குடித்தான். அவன் போனபிறகு நான் குசினியில் இறங்கினேன். சோறு வடித்து, ஆறவைத்து, அக்காவின் புளிக்காய்ச்சலைத் தாராளமாக விட்டுப் பிசைந்தேன். எண்ணெய் பளபளக்க, மஞ்சள் மணக்க, இரண்டு அடுக்குத் தூக்கில் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். ஒரு பிள்ளை பட்டினியாக இருப்பது தெரிந்தும் கையை வீசிக்கொண்டு போவதற்கு எங்கள் ஊரில் யாருக்கும் பழக்கமில்லை.

மைதானம் டாண்டினாங் பக்கம் இருந்தது. அதற்கு அப்பால் கிரான்பர்ன் வரை வெறும் புல்லும் குதிரையும்தான் என்றார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் பதினொரு பேர், ஒரு நாய். அமெரிக்கரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பழுப்பு மழைக்கோட்டுடன், தானே கொண்டுவந்த மடக்கு நாற்காலியில், மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் போயிற்று. அவர் நோட்டில் எதுவும் எழுதவில்லை. முருகேசன் வேலியோரம் இருந்த பெஞ்சில் கையை வாயருகே வைத்து ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

வேலிக்கு வெளியே சுற்றிக்கொண்டு போய் அவன் பின்னால் நின்றேன். தூக்கைத் திறந்தேன். "மாப்ளே, ரெண்டு வாய் தின்னு."

"வேண்டாமுங் மாமா. இப்பத் திங்கக்கூடாதுங்க."

"உங்கம்மா உனக்குன்னு செஞ்சு குடுத்தது."

மணம் அவனுக்கு எட்டிவிட்டது. திரும்பித் தூக்கையே பார்த்தான். பிறகு வேலியின் இடைவெளியில் கையை நீட்டி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, பொள்ளாச்சியில் எப்படித் தின்பானோ அப்படித் தின்றான். கரண்டி நான் கொண்டுபோகவில்லை. புளிச்சோற்றுக்கு எதற்குக் கரண்டி? இரண்டு வாய் என்று ஆரம்பித்து அரைத் தூக்கு காலியாயிற்று. தண்ணீர் கொண்டுவர மறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதே நேரத்தில் பயிற்சியாளர் "மெர்வ்" என்று கத்தினார். எதிராளிகள் மூன்று பேர் ஓடுவதற்குத் தயாராக நின்றார்கள். முருகேசன் கையைப் புல்லில் துடைத்தான், கால்சட்டையில் துடைத்தான், ஓடினான்.

முதல் பந்தை நான் பார்க்கவில்லை. பிடிக்கிறவரின் உறையில் அது விழுந்த சத்தத்தைத்தான் கேட்டேன். இரண்டாவது பந்தை அடிக்க வந்தவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அமெரிக்கர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மூன்றாவது பந்துக்குமுன் மட்டைக்காரர் கையைத் தூக்கி நிறுத்தி அம்பயரிடம் ஏதோ சொன்னார். அம்பயர் பந்தை வாங்கிப் பார்த்தார். வெள்ளைப் பந்தில் மூன்று விரல் ரேகையும் மஞ்சளாகப் பதிந்திருந்தது.

பந்தில் எதையாவது தடவி எறிவது அந்த ஆட்டத்தில் பெரிய பாவம். எண்ணெய் தடவினால் ஒரு மாதிரி திரும்பும், பிசின் தடவினால் இன்னொரு மாதிரி திரும்புமாம். அக்காவின் புளிக்காய்ச்சலில் எண்ணெயும் இருந்தது, வெல்லமும் இருந்தது. அம்பயர் முருகேசனின் கையை விரித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். விரலை நீட்டி வெளியே போகச் சொன்னார். எதிரணிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அமெரிக்கர் நோட்டை மூடினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் வந்த காரியம் முடிந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை பேசவேண்டியிருக்கவில்லை. அக்காவுக்கு அவள் புளிக்காய்ச்சலே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டது. அப்போது அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்து வந்தான். யாரிடமும், இது என் மாமா கொடுத்த சோறு என்று சொல்லவில்லை. கோவையில் நடந்தது என் கண்முன் வந்தது. அன்று சிரித்தவன் இன்று உள்ளுக்குள் சிரிக்கிறேனே என்று எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வேலிக்குக் கீழே நுழைந்தேன். ஓவர்கோட் மாட்டிக் கொஞ்சம் கிழிந்தது. குரங்குக் குல்லாவும் தூக்குமாக நான் மைதானத்தின் நடுவுக்குப் போவதைப் பார்த்து நாய் குரைத்தது. அம்பயரிடம் தூக்கை நீட்டினேன். குற்றவாளி நான்தான், இது மதியச் சாப்பாடு, எங்கள் நாட்டில் கையால்தான் சாப்பிடுவோம், சந்தேகம் இருந்தால் பாருங்கள் என்றேன். அம்பயர் நியாயமான மனுஷர். ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "இது சாப்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாப்பாட்டைத் தடவலாம் என்று விதியில் எங்கேயும் எழுதவில்லை" என்றார். முருகேசன் வெளியேதான் போகவேண்டியிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் அமெரிக்கர் எங்களிடம் வந்தார். அந்த இரண்டு பந்தும் பையனுடையதா, சோற்றினுடையதா என்று தனக்குத் தெரியவேண்டும் என்றார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னார். எதிரே மட்டையோடு நிற்க ஆள் வேண்டும். எல்லோரும் பீர் குடிக்கப் போய்விட்டதால் என்னை நிற்கவைத்தார்கள். அடிக்கவேண்டாம், அசையாமல் இருந்தால் போதும் என்றார்கள். அந்த அறிவுரை எனக்குத் தேவைப்படவில்லை.

பத்து பந்து எறிந்தான். என் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் ஒவ்வொன்றும் காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. நான்காவது பந்துக்குக் கண்ணை மூடினேன். ஏழாவதுக்குத் திறந்து அவனைப் பார்த்தேன். காலைத் தூக்கி, உடம்பை முறுக்கி, முழங்கையை மடக்கி எறிகிறபோது அவன் அவ்வளவு அழகாக இருந்தான். இதையா மாங்கா என்றோம்?

அமெரிக்கர் அங்கேயே ஒரு காரின் மேல் காகிதத்தை வைத்தார். முதலில் முருகேசன் கையெழுத்துப் போட்டான். அவனுக்கு இருபத்தொன்று ஆகவில்லை, அப்பாவும் இல்லை, எனவே பெரியவர் ஒருவர் போடவேண்டும் என்று பேனாவை என்னிடம் நீட்டினார். தாய்மாமன் என்றால் எங்கள் ஊரில் காது குத்துவதிலிருந்து கல்யாணம் வரை முதல் உரிமை. அது இங்கேயும் செல்லும் என்பதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முருகேசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நன்றியோடு பார்க்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். அக்காவிடம் வாங்கப்போகும் திட்டையெல்லாம் அந்த நிமிஷத்திலேயே மன்னித்துவிட்டு, பெரிய மனசோடு கையெழுத்துப் போட்டேன்.

திட்டு விழவில்லை என்பது வேறு கதை. அமெரிக்கா என்ற பெயர் வேலை செய்தது. ஆஸ்திரேலியாவில் விளையாடினால் உருப்படாத பிள்ளை, அமெரிக்காவில் விளையாடினால் உத்தியோகம். அக்கா அந்தப் பேண்டு செட் போட்டோவுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். முருகேசன் தெற்கே ஏதோ ஒரு சின்ன ஊரில், ஆகக் கீழ்ப்படியில் இருக்கும் அணியில் ஆரம்பித்தான். ராப்பகலாகப் பஸ்ஸில் ஊர் ஊராகப் போவதாகவும், வெயில் நம் ஊர் மாதிரியே என்றும் எழுதினான். இரண்டாம் வருஷம் ஒரு படி மேலே போனான். கடைசி நேரத்தில் கூப்பிட்டுவிட நம்பகமான ஆள் என்று பத்திரிகையில் நாலு வரி வந்தது, கத்தரித்து அனுப்பியிருந்தான். படிப்பு அந்த ஒன்றரை வருஷப் பாக்கியோடு நிற்கிறது. கடிதங்களில் எங்கேயும் குறை சொன்னதில்லை.

ஆனால் நான் யாரிடமும் சொல்லாதது அன்று சாயங்காலம் ரயிலில் நடந்தது. ஓக்லீக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பெட்டியில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் அம்பயர் அழுததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன். அவன் சிரிக்கவில்லை. என்னடா, சந்தோஷமாகத்தானே இருக்கிறாய் என்று கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் நான் அவனை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க கையெழுத்துப் போடமாட்டீங்கன்னு நெனச்சுத்தானுங் மாமா நான் மொதல்ல போட்டேன்" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பயிற்சியாளர் இவனுக்காக அமெரிக்காவுக்கு நாலு கடிதம் எழுதியவர், அவர் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வரவில்லையாம். வீட்டில் வேண்டாம் என்றால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று இருந்தானாம். "அம்மாவாச்சும் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியுடுவாங்கன்னு பாத்தேன். அவங்களும் ஒண்ணும் சொல்லலைன்னீங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அமெரிக்கர் மறுநாள் காலைவரை ஊரில்தான் இருந்தார், எந்த ஓட்டல் என்றும் எனக்குத் தெரியும். அக்கா சொன்னது அத்தனையும் என் நாக்கின் நுனியில் இருந்தது. சொன்னால் அவன் என்னை என்னவென்று நினைப்பான் என்று பயமாக இருந்தது. அமெரிக்காவில் சோறு கிடைக்கும், கவலைப்படாதே என்றேன்.